யாகப்பர் கையில் வேட்டை வாள்

நோர்பரி, லண்டன்
14 மார்ச் 1993

என் அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி பியற்றிஸ் எழுதுகிறேன். நானும் உங்கள் மச்சான் சிங்கராயரும் குளிரில் விறைத்தபடி சுகமாக இருக்கிறோம். உங்களுடைய நாரி நோ எப்படி? கோயில் மூப்பர் குனிய ஏலாமல் நிமிர்ந்து நிற்பது பார்க்கிறவர்களுக்கு மரியாதையாகத்தான் இருக்கும். ஆனாலும் எண்ணெய் பூசுங்கோ.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. பழைய சாமான்களை ஏலம் போடுகிற பெரிய இடம். விடிய ஐந்தரை ரெயிலில் விக்டோரியாவுக்குப் போய்க் கூட்டித் துடைக்க வேண்டும். கால் உடைந்த கதிரையைக்கூடக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். நம்முடைய வீட்டுக் கதிரை நாலையும் கொண்டுவந்திருந்தால் நான் இன்றைக்குச் சீமாட்டி.

எனக்குத் தந்திருப்பது ஆயுதக் கூடம். அதற்குப் பொறுப்பான துரைக்குப் பெரிய மீசை. நல்ல மனிதர், தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கும் பாடம் எடுப்பார். முந்நூறு வருசத்துக்கு முந்தின பிரபுமார் வேட்டைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போன குட்டை வாள்கள் அங்கே நிறைய இருக்கின்றன. மான்கொம்புப் பிடி, பொன்முலாம், அலகு முழுக்கச் சித்திரவேலை. நாய்கள் மானைத் துரத்திப் பிடித்து வைத்திருக்குமாம். பிரபு குதிரையால் இறங்கி வந்து ஒரு குத்துக் குத்துவாராம். "பிடிச்சுக் குடுத்த மானைக் குத்திறதுக்கு இவ்வளவு சோடினையோ?" என்று கேட்டேன். மீசை குலுங்கச் சிரித்தார்.

யூலையில் நம்முடைய கோயில் யாகப்பர் திருநாள் வருகிறது. வழமைபோல என் பேரில் ஒரு மெழுகுதிரியைத் தலைகீழாகக் கொளுத்துங்கோ. நேராகக் கொளுத்தினால் நேர்த்தி, கவிழ்த்துக் கொளுத்தினால் சாபம் என்று நான் மூப்பருக்குச் சொல்லத் தேவையில்லை. வாள் களவுபோய் ஒன்பது வருசமாக யாகப்பர் சுரூபம் குதிரையில் வெறுங்கையோடு இருக்கிறது. வாளை எடுத்த கை அழுகும்வரைக்கும் நான் விடப்போவதில்லை. அந்த மேரிறோஸ் கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு எப்படிப் பல்லைக் காட்டிக் கதைத்தாள். என் சிநேகிதி என்று சொல்ல வெட்கம்.

சுகத்துக்கு எழுதுங்கோ. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

உங்கள்
பியற்றிஸ்


முத்தாந்துறை
2 மே 1993

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் ஏழு கிழமை கழித்து, உறை பிரிக்கப்பட்டு வந்து சேர்ந்தது. நாரி நோ பரவாயில்லை. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, மற்றப்படி குறையில்லை.

வேலை கிடைத்தது நல்லது. சிங்கராயரைக் குளிரில் வெளியே அலைய விடாதே.

மெழுகுதிரி கொளுத்துவேன்.

அன்புடன்
அண்ணன் கிறிஸ்துராஜா


நோர்பரி
20 யூன் 1993

அண்ணை,

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கோ. 

யாகப்பருடைய வாள் என் கையில் இருந்தது. கனவில்லை. வெள்ளிக்கிழமை காலமை ஏழரைக்கு.

புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டாம் இலக்கம். நான் கூட்டிக்கொண்டே தும்புத்தடியோடு பக்கத்தால் போனபோது ஒரு நாய் என்னைப் பார்த்தது. வாளின் குறுக்குக் கம்பியில் இரண்டு பக்கமும் நாய்த்தலை, அதிலே ஒன்றுக்கு மூக்கில்லை. அந்த மூக்கு எப்படிப் போனது? நீங்கள் பத்து வயதில் சுரூபத்தடியில் ஏறி விழுத்தி உடைத்தது. விழுத்தினது நீங்கள், ஐயாவிடம் அடி வாங்கினது நான். அந்த நாயை நான் மறப்பேனோ?

கிட்டப் போனேன். பிடியிலே மீன்பிடிக்காரர் நேர்த்திக்கு வலைநூல் கட்டிக் கட்டி விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அலகிலே, கொம்புக்கு நடுவில் சிலுவை வைத்த மிருகம். அதைச் செம்மறியாடு என்று சொல்லிச் சுவாமியார் ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வைத்தாரே. ஆடில்லை அண்ணை, மானாம். வேட்டைக்காரருக்குக் காட்சி கொடுத்த மான் என்று துரை சொல்கிறார். அப்படியென்றால் எங்களுடைய யாகப்பர் இவ்வளவு காலமும் மான் குத்துகிற வாளோடுதான் போருக்கு நின்றிருக்கிறார்.

துரை சிப்பி மாதிரியான கைக்காப்பின் உட்பக்கத்தைக் காட்டி, "இதுக்குள்ள இறுகிக் கிடக்கிற மண்ணிறம் என்னவா இருக்கும்? ரத்தமோ?" என்று என்னைக் கேட்டார். தெலிபோன் அடித்தது, போய்விட்டார். நான் நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தேன்.

புளி. சாம்பலும் பழப்புளியும். திருநாளுக்கு முந்தின கிழமை மேரிறோஸ் குந்தியிருந்து தேய்ப்பாளே, அந்தப் புளி. வாளி காலில் தட்டுப்பட்டுக் கூடம் முழுக்கத் தண்ணீர். நான் அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

சாவி அவளிடம்தானே இருந்தது. புருசன் பத்திநாதரை ஆமிக் காம்பிலிருந்து மீட்கத்தான் விற்றாள் என்று ஊர் சொன்னது சரிதான். விற்றும், சிங்கராயரோடு பிடிபட்ட அந்த மனுசன் அவரைப்போலத் திரும்பி வரவில்லையே. அவளைக் காணும் யாராவது இருந்தால் கேளுங்கோ, ஆருக்குக் குடுத்தாள் என்று. உடனே எழுதுங்கோ.

பியற்றிஸ்


நோர்பரி
8 ஓகஸ்ற் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகமோ, இல்லையோ என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். திருநாளும் போய்விட்டது. என் கடிதம் கடலில் விழுந்துவிட்டதோ, அல்லது மூப்பர் பதில் எழுத நல்ல நாள் பார்க்கிறாரோ?

நான் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் துடைக்க வந்தவளுடைய நாக்கு சாட்சி ஆகாதாம். வாளோடு சுரூபம் நிற்கிற படம் ஒன்றும், பங்குச் சுவாமியாருடைய கடிதமும் வந்தால் ஏலத்தை நிறுத்திப் பார்க்கலாமாம். ஏலம் ஒக்ரோபர் இருபத்தேழு. எழுபத்தெட்டாம் ஆண்டுத் திருநாள் படம் உங்களுடைய அலுமாரியில் இருக்கிறது. அதை அனுப்புங்கோ.

ஒரு விசயம் எனக்குப் பிடிபடவில்லை. விற்க வந்தவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். இலங்கையில் பெரிய பதவியில் இருந்த ஒருவருடைய குடும்பத்துச் சாமான் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கோயில் சீலை தோய்க்கிற மேரிறோஸுக்கு அப்படிப்பட்ட பெரிய மனிசரை எப்படித் தெரியும்?

சிங்கராயரிடம் வாளைப் பற்றிச் சொன்னேன். "அப்பிடியோ" என்றுவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போனார். கணவாய்க் குழம்பைத் தொடாமல் எழும்பினதை இருபத்தாறு வருசத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் சுகத்தை இரண்டு வரியாவது எழுதுங்கோ.

பியற்றிஸ்


முத்தாந்துறை
3 செப்ரெம்பர் 1993

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. எனக்குக் காய்ச்சல் வந்து மாறியது. மழை இன்னும் இல்லை. கிணறு அடி தெரிகிறது.

அது வேறு வாளாக இருக்கலாம். அப்படி எத்தனையோ வாள்கள் செய்திருப்பார்கள். படம் கறையான் அரித்துவிட்டது. சுவாமியாரைத் தொந்தரவு செய்ய இது காலமில்லை. நீ வேலையைக் கவனமாகச் செய். அந்தக் கதையை விட்டுவிடு.

இந்த வருடம் மெழுகுதிரி கொளுத்தவில்லை.

சிங்கராயரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

கிறிஸ்துராஜா


நோர்பரி
10 ஒக்ரோபர் 1993

அண்ணை,

நான் சுகமில்லை.

கேட்க வேண்டாம் என்று நீங்கள் எழுதினதால் கேட்டேன். அவர் ரீவியில் ஸ்நூக்கர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்த வாளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களிட்டைக் கேக்க வேண்டாமெண்டு அண்ணை எழுதியிருக்கிறார்."

"பிறகேன் கேக்கிறாய்?"

"அதாலைதான்."

அவர் சத்தத்தைக் குறைத்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மேசையில் பந்துகள் உருண்டன, ஒரு சத்தமும் இல்லை.

"காம்பிலை குந்தியிருக்க ஒரு நீட்டு மர வாங்கு. நானும் பத்திநாதரும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தம். காம்புப் பெரியவன் வாளை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தான். உன்ரை கொண்ணை கையைக் கட்டிக்கொண்டு நிண்டவர். 'ஒரு வாள், ஒரு ஆள்' எண்டான் அவன். நான் எழும்பினன்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பவும் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அண்ணை, ஒன்பது வருசமாக என் பேரில் தலைகீழாகக் கொளுத்தச் சொன்னேனே. நீங்களும் கொளுத்தினேன், கொளுத்தினேன் என்று எழுதினீர்களே. ஆருக்குக் கொளுத்தினீர்கள்?

பியற்றிஸ்


முத்தாந்துறை
21 நவம்பர் 1993

என் தங்கைக்கு,

இந்தக் கடிதம் தபாலில் போகவில்லை. கொழும்புக்குப் போகும் ராஜலட்சுமி ரீச்சர் கைப்பையில் கொண்டு போகிறார். ஆகையால் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கடற்கரையில் ஆமி பிடித்தவர்களில் எங்கள் ஊரார் இரண்டு பேர்தான். மூன்றாம் நாள் காம்பிலிருந்து ஒருவன் வந்தான். பெரியவருக்குப் பழைய வாள்களில் ஆசை, யாகப்பர் வாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் என்றான். நான் அன்றிரவே கோயிலைத் திறந்து எடுத்தேன். இரண்டு பேருக்கும் என்றுதான் கொண்டுபோனேன். அதைத் தயவுசெய்து நம்பு.

அந்த மனிதன் வாளைக் கையில் நிறுத்துப் பார்த்துச் சிரித்தான். ஒரு ஆள் என்றான். எவன் என்று கேட்டான். யோசிக்க நேரம் தரவில்லை. தந்திருந்தாலும் வேறு ஆளைக் காட்டியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. என் தங்கையின் புருசனைக் காட்டினேன். பத்திநாதர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிழ்த்துக் கொளுத்தும் திரி நேரே எரிவதைப்போல் எரியாது. பிடித்திருக்கும் கையில்தான் உருகி விழும். ஒவ்வொரு திருநாளும் உன் பேரைச் சொல்லி எனக்குத்தான் கொளுத்தினேன். இந்த வருடம் கை ஏலவில்லை.

உன் சுகத்தைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

கிறிஸ்துராஜா


நோர்பரி
19 டிசம்பர் 1993

அண்ணை,

வாள் போய்விட்டது. ஏலத்தன்று எனக்கு லீவு நாள். ஆனாலும் போய்ச் சுவரோடு நின்றேன். தெலிபோனில் யாரோ ஒருவர் கேட்டார், ஒரு சுத்தியல் தட்டு, அடுத்தது ஒரு வேட்டைத் துவக்கு. மீசைத் துரை என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். ஏலப் புத்தகத்திலிருந்து அந்தப் படத்தை வெட்டித் தந்தார்.

உங்களில் கோபம் வருகிறது. கோபித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனால், அங்கே சிங்கராயர் குறட்டை விடுகிறார். அந்தக் குறட்டையை வைத்து இருபது வருசமாகப் பகிடி பண்ணினவள் நான். இப்போது அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று முழித்திருந்து கேட்கிறேன். பிறகு, அதே சத்தத்தைக் கேட்காமல் ஒருத்தி இத்தனை வருசம் படுத்திருக்கிறாளே என்று எழும்பி இருக்கிறேன்.

இனி மெழுகுதிரி வேண்டாம். நேராகவும் வேண்டாம், தலைகீழாகவும் வேண்டாம். கோயிலில் எழும்பி நின்று வாயைத் திறவுங்கோ.

மேரிறோஸின் விலாசம் ஆரிடமாவது இருக்கும். அனுப்புங்கோ.

பியற்றிஸ்


நோர்பரி
30 சனவரி 1994

அன்புள்ள மேரிறோஸுக்கு,

பியற்றிஸ் எழுதுகிறேன். உன் விலாசம் அண்ணையிடமிருந்து கிடைத்தது. மண்டபம் முகாமில் நீ எப்படி இருக்கிறாய், சாப்பாடு தண்ணீர் எப்படி என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை என் வாயிலிருந்து நீ ஏன் வாங்க வேண்டும்?

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். எனக்குப் பகிடி விடாமல் எழுதத் தெரியாது, உனக்குத் தெரியும். இதிலே ஒரு பகிடியும் வரவில்லை.

வாளை எடுத்தது என் அண்ணை. அதால் வந்தவர் என் புருசன். உன்னுடையவர் வரவில்லை. எனக்கு இது தெரிந்து நாலு மாதம். அதுக்கு முன்னம் ஒன்பது வருசமும் உன்னைக் கள்ளி என்று வாய் நிறையச் சொன்னேன். லண்டனில் எங்களுடைய ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொன்னேன், சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். உன் கை அழுகட்டும் என்று திரி கொளுத்தச் சொன்னேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கக் கூசுகிறது. நீ அறிய வேண்டும் என்றுதான் எழுதினேன். வாளின் படம் வைத்திருக்கிறேன். நீ தேய்த்த புளி அந்தச் சிப்பிக்குள் இன்னும் இருந்தது.

பியற்றிஸ்


மண்டபம் முகாம்
11 மார்ச் 1994

அன்புள்ள பியற்றிஸுக்கு,

நான் இருக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல். இங்கே கடல் எங்களுடைய கடல்தான், மறுபக்கத்தால் பார்க்கிறேன்.

கொண்ணை உனக்கு எல்லாம் எழுதவில்லைப் போல. சாவியை நான்தான் குடுத்தேன். அன்றைக்கு இரவு வந்து படலையில் நின்றார். இரண்டு பேரையும் கொண்டுவாறன் பிள்ளை என்றார். நானே வாளைக் கழற்றிச் சீலையில் சுற்றிக் குடுத்தேன். திருநாளுக்குத் தேய்த்து வைத்திருந்தது, புளி முழுக்கக் கழுவ நேரம் இருக்கவில்லை.

விடியச் சிங்கராயர் மட்டும் வந்தார்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். என்னுடையவர் இன்னும் காம்புக்குள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்தேன். வாள் குடுத்த கதை வெளியில் வந்தால் அந்தப் பெரியவனுக்குக் கோபம் வரும், இவருக்குத்தான் அடி விழும் என்று நினைத்தேன். கள்ளி என்றால் சொல்லட்டும், அவர் வந்தவுடன் எல்லோரையும் பார்த்துக் கேட்பார் என்றிருந்தேன். ஒரு வருசம் அப்படி இருந்தேன். இரண்டு வருசம். பிறகு சொல்லி என்ன.

உன்னிலே எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்திநாதரைக் கடைசியாகக் கண்டவர் சிங்கராயர். உன்னையே பகிடியில் வென்ற மனுசன் என்னுடையவர், உனக்குத் தெரியும். அந்தக் காம்பிலும் அவர் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கமாட்டார். என்ன சொன்னவர் என்று கேட்டு எழுது. எதுவென்றாலும் எழுது.

மேரிறோஸ்


நோர்பரி
17 ஏப்ரல் 1994

அன்புள்ள மேரிறோஸுக்கு,

உன் கண்ணுக்காகக் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். டொக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

முதலில் ஊர்ப் புதினம். சாம்பல் புதனன்று பூசை முடிய அண்ணை எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாராம். நீ சாவி குடுத்ததையும் சொன்னாராம். ஒருவரும் அவரோடு கதைப்பதில்லை. மூப்பர் பதவி போய்விட்டது. பக்கத்து வீட்டு அருமைநாயகி ரீச்சர் மட்டும் சோறு குடுத்து விடுகிறாவாம். உன்னுடைய பேரைச் சொல்லி மன்றாடினார்களாம். நேராக இருக்கிற திரியோடு.

இனி நீ கேட்டது. உன் கடிதத்தைச் சிங்கராயரிடம் குடுத்தேன். வாசித்தார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.  பன்னிரண்டு நாள் ரீவி போடவில்லை. நேற்றுப் பூசை முடிந்து வரும்போது நோர்பரிப் பூங்காவில் ஒரு வாங்கைக் கண்டு அதில் இருந்தார். பக்கத்தில் என்னை இருக்கச் சொல்லவில்லை. இடம் விட்டுத்தான் இருந்தார். நான் நின்றேன்.

"நான் எழும்பினன் எண்டு உனக்குச் சொன்னது பொய்" என்றார். "எனக்குக் கால் ரெண்டும் செத்துப்போச்சு. கொண்ணை என்னைக் காட்டினாப் பிறகும் எழும்ப ஏலேல்லை. பத்திநாதர்தான் கக்கத்துக்குள்ளை கையைக் குடுத்துத் தூக்கி விட்டவர்."

"ஏதும் சொன்னவரோ?"

"காதுக்குள்ளை சொன்னவர்."

"என்ன?"

அவர் அழுதார், மேரிறோஸ். ஒன்பது வருசத்துக்குரியதை அழுதார். நாயோடு போன ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று பார்த்துவிட்டுப் போனாள். பிறகு, பத்திநாதருடைய குரலிலேயே சொன்னார். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு காலம். நீ அவருடைய வாயிலிருந்து கேட்கிறதாக நினைத்து வாசி.

"எழும்படா சிங்கராயர். வாள் உனக்கு வந்திட்டுது. எனக்கு யாகப்பரின்ரை குதிரை வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தவராம்.

உன் பதிலுக்கு நான் அவசரப்படுத்தமாட்டேன்.

பியற்றிஸ்